ராகு காலத்தில் வண்டி ஏறியவர்

எங்கள் அக்கா அவர்கள் பாரிவாக்கத்தில், ஏரிக்கரையை அடுத்த தெருவில், பூராட நட்சத்திரத்தில் பிறந்தார். நினைவு மலர்களில் பிறந்த ஊரையும் பெற்றோரையும் எழுதுவது வழக்கம். நட்சத்திரத்தை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன். அந்த நட்சத்திரத்தை எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் ஒளித்து வைத்தது. அதனால் வந்த துன்பத்தை அக்கா ஒருவரே சுமந்தார். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளிலாவது அது அச்சில் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

இந்த மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களில் சிலருக்கு இதிலுள்ள செய்திகள் கசக்கும். செத்தவர் பேரில் சண்டை எதற்கு, நல்லதை மட்டும் எழுது என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லிப் பார்த்தார்கள். நல்லதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அது அவர்களுக்கு நல்லதாகப் படாவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எங்கள் தகப்பனாருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அக்கா மூத்தவர். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். நடுவில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அக்காவுக்குப் பதின்மூன்று வயதில் பருத்திப்பட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. பூராடத்தில் பிறந்த பெண்ணின் கழுத்தில் தாலி நிலைக்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வந்த சம்பந்தம் கைநழுவிப் போகுமோ என்று பயந்து, எங்கள் தகப்பனார் நட்சத்திரத்தை உத்திராடம் என்று சொல்லிவிட்டார். அப்படிச் செய்த தகப்பன் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பது இதைப் படிக்கிற பல பேருக்குத் தெரியும்.

அத்தான் நல்ல மனிதர். நாலாம் வகுப்பு வரை படித்தவர். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே அச்சுப் புத்தகம் பஞ்சாங்கம். நாள் பார்த்து நாற்று விடுவதற்காக வருஷந்தோறும் பூந்தமல்லிச் சந்தையில் வாங்குவார்கள். சாயங்காலம் மாடுகளைக் கட்டிவிட்டு வந்து, அந்தப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தான் அக்காவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'ஞாயிறு' என்பதுதான் அக்கா முதன்முதலில் தானாகக் கூட்டிப் படித்த சொல். பிற்காலத்தில் அதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் குரல் தணிந்துவிடும்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது பருத்திப்பட்டில் வாந்திபேதி பரவியது. அத்தான் இரண்டே நாளில் போய்விட்டார். பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பேச்சுவாக்கில் அக்காவின் நட்சத்திரம் பூராடம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மோசம் செய்து எங்கள் பிள்ளையைக் கொன்றுவிட்டீர்கள் என்று அந்த வீடு கொதித்தது. அக்காவைக் கட்டிய சேலையோடு அனுப்பிவைத்தார்கள். அவர் கையில் அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் மட்டும் இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தார் என்று நாங்கள் யாரும் அப்போது கேட்கவில்லை.

அன்று தகப்பனாரின் முன்னால் அக்கா அந்தப் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் அந்தக் கூடத்தில் இருந்தேன்.

"நைனா, நான் பொறந்த நட்சத்திரம் அவரக் கொன்னுச்சின்னு எல்லாரும் சொல்றாங்கோ. எந்தப் பக்கத்துல போட்டுக்கீது? காட்டு."

தகப்பனாருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் காட்டியிருக்க முடியாது. அன்றும் மறுநாளும் அவர் சோறு தின்னவில்லை. அக்கா அவரைச் சமாதானப்படுத்தவும் இல்லை, மேற்கொண்டு குத்திப் பேசவும் இல்லை. தானே தேடத் தொடங்கினார்.

பல மாதங்கள் தேடினார். முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரை ஒரு வரி விடாமல் படித்தார். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்தும் அவருக்கு அப்படித்தான் வசமாயின. புரியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பூந்தமல்லியிலிருந்து திவசத்துக்கு வரும் புரோகிதரிடம் கேட்டார். அவரும் முகம் சுளிக்காமல் சொன்னார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பூராடத்துப் பெண் புருஷனைக் கொல்வாள் என்ற வரி எங்குமே இல்லை. ஆனால் சகுனங்களைப் பற்றிய பக்கத்தில் வேறொன்று இருந்தது. புறப்படும்போது எதிரே வரக்கூடாதவை என்ற பட்டியலில் எண்ணெய்க் குடம், விறகுக் கட்டு ஆகியவற்றோடு விதவை என்ற சொல்லும் அச்சாகியிருந்தது.

அக்கா என் மைக்கூட்டையும் கட்டைப் பேனாவையும் எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். பஞ்சாங்கத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுகிற வீடு எங்களுடையது. அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தார். அச்சில் போட்டவனும் மனிதன்தான், தப்பாகப் போட்டுவிட்டான், நான் திருத்தினேன் என்று அக்கா நிதானமாகச் சொன்னார். அது முதல் ஒவ்வொரு சித்திரைப் பிறப்பன்றும் புதுப் பஞ்சாங்கத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தவுடன் அவர் செய்த முதல் காரியம் அந்தச் சொல்லை அடிப்பதுதான். நான் பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்த பிறகு, ஈய எழுத்தில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் எடுப்பதும் எத்தனை சுலபம் என்பதைக் கண்ணால் கண்டேன். பழைய பிரதியில் இருப்பதைப் பார்த்துக் கோப்போம். எவன் முதலில் போட்டான் என்று யாரும் கேட்பதில்லை.

அக்காவுக்குப் பஞ்சாங்கத்தில் நம்பிக்கை உண்டா என்று இன்றும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். உண்டு. காலையில் வாசல் பெருக்கிக் கோலம் போட்டு வந்ததும் அன்றைய நாளைப் படித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். கீழ்நோக்கு நாளில் மஞ்சளும் சேனையும் நடச் சொல்வார். மேல்நோக்கு நாளில் கீரை விதைக்கச் சொல்வார். எனக்குச் சந்திராஷ்டமம் என்றால், இன்று பிரஸ்ஸில் மேஸ்திரியோடு வாயாடாதே என்று சொல்லி அனுப்புவார். அன்றைக்குத்தான் நான் வாயாடியிருப்பேன், அது வேறு விஷயம். நாள் என்பது நாம் இறங்கிப் போகிற தண்ணீர் மாதிரி, ஆழம் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது என்பது அவர் எண்ணம். ஆழமாக இருக்கிறது என்பதற்காக அக்கரையில் ஒருவர் முழுகும்போது இக்கரையில் உட்கார்ந்திருக்கலாம் என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.

புரோகிதர் பூந்தமல்லியில் இருந்தார். சின்னச் சின்னக் காரியத்துக்கெல்லாம் அவரைத் தேடிப் போக முடியாது. மாடு வாங்க, மகனுக்கு முடி இறக்க, கோர்ட்டுக்குப் போக, ஏர் பூட்ட, தொட்டில் போட என்று எங்கள் தெருவும் அடுத்த தெருவும் அக்காவிடம் நேரம் கேட்கத் தொடங்கின. எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். புழக்கடைப் பக்கமாக வருவார்கள். கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று கேட்பார்கள். அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தில் அவர்கள் முன்வாசல் வழியாகப் புறப்படும்போது அக்கா தெருவில் தலைகாட்டக் கூடாது. அவர் வாய் வேண்டும், முகம் வேண்டாம். இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. அக்கா பொறுத்தார். நாங்களும் அதை ஒரு குறையாக எண்ணவில்லை.

பிறகு என் கல்யாணம் வந்தது. பெண் ஐயப்பன்தாங்கல். முகூர்த்தத்தைக் குறித்தவர் அக்கா. இரண்டு பேருடைய ஜாதகத்தையும் வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தார். புரோகிதரும் அதே நாளைச் சரி என்றார். கல்யாணத்தன்று விடியற்காலையில் சமையலுக்குக் காய் நறுக்கி, பந்தலில் மாவிலை கட்டச் சொல்லி, எனக்குத் தலையில் எண்ணெய் வைத்ததும் அவர்தான். முகூர்த்த வேளை நெருங்கியபோது பெண் வீட்டார் அம்மாவிடம் வந்து ஏதோ சொன்னார்கள். அம்மா அக்காவிடம் வந்து, நெல் வைக்கும் அறையில் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மணையில் உட்காரப் போகிறவன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து வேட்டியைச் சரிசெய்தேன்.

அக்கா அந்த அறைக்குள் போனார். தாலி கட்டி முடித்து, நாங்கள் கும்பிட்டு எழுந்து, பந்தி போட்ட பிறகுதான் யாரோ போய்க் கதவைத் திறந்தார்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அதன்பிறகு அக்கா என்னோடு சண்டை போடவில்லை. ஊரோடு போட்டார். அந்த ஆடியில் எங்கள் மணியக்காரர், முதல் ஏர் பூட்ட நேரம் கேட்டு ஆளை அனுப்பினார். ஆள் வழக்கம்போலக் கிணற்றடிக்கு வந்தார். இனிமேல் புழக்கடையில் நேரம் கிடையாது என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டார். மணியக்காரரே கோபமாக வந்தார். தெருவில் ஆட்கள் கூடினார்கள். அக்கா முன்வாசலில் வந்து நின்றார். ஊருக்கு நேரம் சொல்லுகிற வேலையை இவளுக்கு யார் கொடுத்தது என்று அவர் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, நீங்கள்தான் தேடி வந்தீர்கள் என்றார் அக்கா. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னார்.

"நேரம் வோணும்னா இந்த மூஞ்சியப் பாத்துதான் கேக்கணும். பாத்துட்டுத்தான் பொறப்படணும். அது முடியாதுன்னா பூந்தமல்லிக்கு நடங்க."

பலர் பூந்தமல்லிக்கு நடந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு விசேஷம் சொல்லி யாரும் வரவில்லை. அம்மா அழுதார். எனக்கும் அக்கா மேல் வருத்தம்தான். ஊரைப் பகைத்துக்கொண்டு என்ன கண்டாய் என்று ஒருநாள் கேட்டேன். அவர் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த இரண்டாவது வருஷம் என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். தாய் வீட்டுக்கு அழைத்துப் போக நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வருவதற்குள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வலி கண்டுவிட்டது. செய்தி போய், என் மாமியார் அன்றே வந்து சேர்ந்தார். மருத்துவச்சி வந்து பார்த்தாள். ஞாயிறு காலையில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். பட்டணத்துச் சாலையில் ஆறு மைல் கிழக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே லேடி டாக்டர் உண்டு.

உடனே புறப்பட வேண்டும் என்று அக்கா சொன்னார். அன்று அஷ்டமி. அஷ்டமியில் பிள்ளைத்தாய்ச்சியை ஊர் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று என் மாமியார் சொன்னார். அம்மாவும் அதையே சொன்னார். நாளெல்லாம் பார்க்கிற நீயே இப்படிச் சொல்லலாமா என்று அக்காவை மடக்கினார்கள். அக்கா மூன்று முறை என்னிடம் வந்தார். மூன்றாம் முறை என் கையைப் பிடித்துக் கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம் அக்கா என்று நான் சொன்னேன். அந்த வார்த்தை இன்றும் என் வாயில் கசக்கிறது.

திங்கட்கிழமை விடியும் வேளையில் என் மனைவிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. அக்கா வீட்டில் இல்லை. அவர் யாரிடமும் சொல்லாமல் பூந்தமல்லிக்கு நடந்து போய், காதர் பாயின் குதிரைவண்டியை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் வண்டி நின்றபோது கடிகாரத்தில் ஏழே முக்கால். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அன்று கிழக்கே சூலம். திதி நவமி. போதாததற்கு, முன்னால் நிற்பவர் அக்கா. ஒரு பிரயாணத்துக்கு ஆகாது என்று சொல்லப்படுவதெல்லாம் அந்த வாசலில் ஒன்றாகக் கூடியிருந்தது.

என் மாமியார் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் எண்ண வேண்டாம். பெற்ற மகள் உள்ளே கிடக்கிறாள். அவருக்குத் தெரிந்த ஒரே காவல் அதுதான்.

"ஒம்போது மணி வரிக்கும் பொறு. ஒன்ற மணி நேரத்துல இன்னா ஆயிடப் போவுது?"

அக்கா நேரே அடுக்களைக்குள் போனார். உள்ளங்கையில் கொஞ்சம் தயிர் எடுத்து வந்து என் மனைவியின் உதட்டில் தடவினார். கிழக்கே சூலம் என்றால் பரிகாரம் தயிர், அதே புத்தகத்தில் போட்டிருக்கிறது, அது முடிந்தது என்றார்.

"ராவு காலத்துக்கு இன்னா பரிகாரம் வெச்சிக்கீறே?" என்று என் மாமியார் கேட்டார்.

"அதுக்கு நான் கீறேன்" என்றார் அக்கா.

பிறகு என்னைப் பார்த்து, தூக்கு என்று மட்டும் சொன்னார். இந்த முறை நான் குனிந்தது என் மனைவியைத் தூக்குவதற்கு. மாமியாரின் கை தானாகவே கீழே இறங்கியது. வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே போர்வை விரித்திருந்தார்கள். அக்கா என் மனைவியின் தலைமாட்டில் உட்காரவில்லை. எதிரே, முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"என் மொகத்தப் பாத்துகினே வா. கண்ண மூடாதே."

நான் வண்டிக்குப் பின்னால் ஓடினேன், பிறகு பின்படியில் தொற்றிக்கொண்டேன். காதர் பாய் குதிரையைச் சாட்டையால் தொடாமல் பேசிப் பேசியே ஓட்டினார். பள்ளம் வந்தால் முன்கூட்டியே குரல் கொடுப்பார். அக்கா உடனே என் மனைவியின் இடுப்பைத் தாங்கிக்கொள்வார். வழியெல்லாம் அக்கா ஏதாவது பேசிக்கொண்டே வந்தார். அவள் கண் சொருகும்போதெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கவைத்தார். ஆஸ்பத்திரிப் படியில் இறக்கியபோது ஒன்பது மணி ஆகச் சில நிமிஷம் இருந்தது. எங்கள் வீட்டுக் கணக்குப்படி அப்போதுதான் நாங்கள் புறப்படத் தயாராகியிருப்போம்.

பிள்ளை உயிரோடு வரவில்லை. ஆண் பிள்ளை. லேடி டாக்டர் என்னைத் தனியே அழைத்து, மறைக்காமல் சொன்னார். குழந்தை நேற்றே இறந்துவிட்டது. நேற்றுக் காலையில் கொண்டுவந்திருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்க முடியும். இன்றைக்கு இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை. அவர் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். களைப்பாகச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவனிடம் அதைச் சொல்கிறவர் போலச் சொன்னார்.

என் மனைவி பன்னிரண்டு நாள் அங்கே இருந்தாள். அக்கா அவளை விட்டு அசையவில்லை. அதற்குள் ஊரில் கதை கட்டி முடித்துவிட்டார்கள். நவமியில், ராகு காலத்தில், சூலத்துக்கு எதிரே, ஒரு தாலியறுத்தவள் முன்னால் உட்கார்ந்து கொண்டுபோனாள், பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்பது கதை. ஆடு மாடு மேய்க்கிறவர்கள் வரை அதைச் சொன்னார்கள். காதர் பாயையும் விடவில்லை. அவர் வண்டியில் ஏறக்கூடாது என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் ஆலம் சுற்ற என் மாமியாரும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். அக்கா முதலில் இறங்கினார். என் மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"நேரங்கெட்ட நேரத்துல ஏத்திகினு போயி கொயந்தய முழுங்கினவ கீற ஊட்டுல எம் பொண்ணு இருக்க வோணாம். நான் இட்டுகினு போறேன்."

தெருவே நின்று பார்த்தது. மணியக்காரர் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கல்யாணத்தன்று பார்த்தார், அஷ்டமியன்று கையைப் பிடித்துக் கேட்டார். இனிமேல் என்னிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்பது போல, வண்டியிலிருந்து துணி மூட்டையை இறக்குவதில் கவனமாக இருந்தார். அதுதான் என்னைப் பேசவைத்தது.

"கொயந்த ஞாயித்துக்கெயமயே செத்துப் பூட்ச்சி அத்தே. ஞாயித்துக்கெயம வோணாம்னு சொன்னது நீங்க. சரின்னு ஒத்துகினது நான். எங்க அக்கா இல்ல."

இதை நான் இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நாளைத் தள்ளிப்போட்டவன் நான், என்னைச் சொல்லுங்கள், இனி ஒருவர் அக்காவைச் சொன்னால் அவருக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டில்லை என்றேன். என் தகப்பனார் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரும் என்னோடு நின்றிருப்பார் என்று நம்புகிறேன்.

என் மாமியார் தம் மகளின் கையைப் பிடித்தார். என் மனைவி மெதுவாக அந்தக் கையை விலக்கினாள். நிற்கக்கூட முடியாத நிலை அவளுக்கு.

"நான் கண்ணத் தொறந்தப்பல்லாம் அவங்க மொகந்தாம்மா இருந்துச்சி. நான் எங்கியும் வரல."

அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கீழே வைத்த ஆலத் தட்டை யாரும் எடுக்கவில்லை. அக்கா திரும்பி வந்து அதை எடுத்து, தானே என் மனைவிக்கு ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் கொட்டிவிட்டு, வெந்நீர் வைக்கப் போனார். ஒரு விதவை ஆலம் சுற்றியதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

அதற்குப் பிறகு அக்கா தாம் வாழ்ந்த நாள் வரை நேரம் சொன்னார். முகத்தைப் பார்த்துக் கேட்கச் சம்மதித்தவர்களுக்கெல்லாம் சொன்னார், ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இரண்டு காரியத்துக்கு மட்டும் பஞ்சாங்கத்தைத் தொட மறுத்தார். பிரசவ வலிக்கும் உயிர் போகிற நோய்க்கும் நாள் கிடையாது. வலி வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், என்ன கிழமை என்று என்னிடம் கேட்காதீர்கள் என்று பெண்களிடம் சொல்லி வைத்தார். எத்தனை பேரோடு அந்தச் சாலையில் வண்டியில் போனார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுதினால் அது பொய். ஆனால் வீட்டுக்குள் கிடந்து ஒன்பது மணிக்காகக் காத்திருந்து செத்தவர் அவருக்குத் தெரிந்து அதன்பிறகு யாரும் இல்லை.

எங்கள் மகள் அதே ஆஸ்பத்திரியில், அதே லேடி டாக்டர் கையில் பிறந்தாள். பேர் வைக்கிற நாளில் குழந்தையைத் தொட்டிலில் இட்டு மூன்று முறை பேர் சொன்னவர் அக்கா. உறவினர்களில் சிலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அவர்கள் பேர்களை இங்கே நான் கோக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு மறு வருஷம், என் மாமியாரின் இளைய மகளுக்கு ஐயப்பன்தாங்கலில் வலி எடுத்தது. வெயில் உச்சியில் இருந்த வேளை. எங்கள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. காலியாக வந்த வண்டி. ஓட்டி வந்தவர், உங்கள் மாமியார் அக்காவை அழைத்து வரச் சொன்னார் என்றார். இத்தனை நாள் அந்த அம்மாள் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அக்கா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். அன்று என்ன கிழமை, என்ன திதி என்று எனக்கு நினைவில்லை. அக்கா கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் பிள்ளையும் இன்று நலமாக இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லி அவர் பிடிவாதம் பிடித்தார். கடைசி நாட்களில் பார்வை மங்கியது. தினமும் காலையில் அன்றைய நாளை நான் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருநாள் சதயம் என்று படித்தேன். அவர் சிரித்தார். சதயத்தில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் அடுத்த சாவு விழும் என்பது சாஸ்திரம் என்று சொல்லப்படுவது. எங்கள் மகள் பிறந்தது முதல் அக்காவோடு அந்த அறையில்தான் படுக்கிறாள், அங்கேதான் பாடம் படிக்கிறாள்.

"பூட்டச் சொல்வாங்கோ தம்பி. பூட்டாதே. பாப்பா எங்கே உக்காந்து படிக்கும்?"

அன்று மத்தியானம் அக்கா போய்விட்டார்.

பூட்டச் சொன்னார்கள். மணியக்காரர் சொன்னார். அம்மா வழி உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். எழுத்து கோத்துப் பிழைக்கிறவன் சாஸ்திரத்தை எதிர்க்கிறாயா என்று ஒருவர் கேட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பலர் வரவே இல்லை. அறை பூட்டப்படவில்லை. ஓராண்டு ஆகிவிட்டது. இந்த ஓராண்டில் எங்கள் வீட்டில் ஒரு கெட்டதும் நடக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எழுதமாட்டேன். மகளுக்கு அம்மை வார்த்தது. கறவைப் பசு ஒன்று செத்தது. இரண்டுக்கும் அறைதான் காரணம் என்றார்கள். அம்மை தெரு முழுவதும் இருந்தது. பூட்டிய அறையுள்ள வீட்டிலும் பசு சாகும். எங்கள் மகள் தேறி எழுந்து, அந்த அறையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் கடைசி வரை அக்கா கூப்பிட்டபோதெல்லாம் வண்டி பூட்டிய பூந்தமல்லி காதர் பாய் அவர்களுக்கு. அக்காவின் உடல்நிலையை வாரந்தோறும் கேட்டனுப்பிய லேடி டாக்டர் அம்மையாருக்கு. உண்மையை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சொன்ன எங்கள் மருத்துவச்சிக்கு, அவள் சொல்லைக் கேட்காததற்கு என் மன்னிப்போடு. அக்காவின் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை சொன்ன, இப்போது காலமாகிவிட்ட புரோகிதர் அவர்களுக்கு. பூட்டவேண்டும் என்று ஊர் சொன்ன அதே நாளில் பாடை தூக்கத் தோள் கொடுத்த எங்கள் தெரு இளைஞர்களுக்கு. காகிதம் கிடைக்காத இந்த நாளில் இந்த மலருக்குத் தாள் கொடுத்து, வேலை முடிந்த பிறகு எழுத்துப் பெட்டிகளை என்னிடம் விட்ட எங்கள் பிரஸ் முதலாளிக்கு. இதிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் நானே கோத்தேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

இன்றைய சாப்பாட்டை அக்காவின் அறையில்தான் போடுகிறோம். ஒரு பந்திக்குப் பத்துப் பேர் உட்காரலாம். உள்ளே வரத் தயங்குகிறவர்களுக்குப் பந்தலிலும் இலை உண்டு, அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. முதல் பந்தியில், அக்கா படுத்திருந்த சுவர் ஓரமாகத் தமக்கு ஓர் இலை போட்டு வைக்கும்படி ஐயப்பன்தாங்கலிலிருந்து என் மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். போட்டு வைத்திருக்கிறோம்.